தணிகாசலம் போட்ட ஒரு பிடி

புதுச்சேரியில் கடற்கரைக்குப் பின்தெருவில் ஒரு சின்ன பிஸ்ட்ரோ. பிரெஞ்சுச் சாப்பாட்டையும் ஜப்பான் சாப்பாட்டையும் கலந்து செய்வார்கள். நடத்துகிறவள் செலின். ஜப்பானுக்கே போய்ச் சமையல் கற்றுவந்தவள். அவளிடம் சீடராகச் சேர்ந்தவர் தணிகாசலம். கல்யாணப் பந்திகளுக்குச் சமைத்தே தலை நரைத்தவர். குருவைவிடச் சீடருக்கு வயது ஜாஸ்தி. இருந்தால் என்ன, ஆசைக்கு வயசா கேட்பார்கள்?

அங்கே பேர்போனது வெங்காய சூப். வெண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாற வதக்கி, ஜப்பான் கடற்பாசி ஊறிய தண்ணீரை ஊற்றுவார்கள். மீன் கிடையாது, கறி கிடையாது.

"ஒண்ணுமே போடாம சப்புன்னு இருக்கே, செஃப். இதுல எப்படி ருசி வரும்?" என்று கேட்டார் தணிகாசலம்.

"இன்னைக்கு நீங்களே வைங்க, அண்ணே. நல்லா வந்தா இனிமே இந்த அடுப்பு உங்களுது."

பந்தி வேலையை விட்டுவிட்டு வந்தவர். இத்தனை நாளும் வெங்காயம்தான் உரித்தார். இன்று விட்டால் திரும்பவும் வெங்காயம்தான்.

செலின் வெளியே மேசை துடைக்கப் போனாள். தணிகாசலம் சூப்பை வைத்து ருசி பார்த்தார். மனசு ஆறவில்லை. பொடி இறாலைக் காயவைத்த சென்னாக்கூனி ஒரு பிடி, துணியில் முடிந்து உள்ளே விட்டார். இறால் வாசம் எழாமல் சட்டென்று எடுத்தும் விட்டார். கெட்டிக்காரர்!

மதியம் ஆட்கள் வந்தார்கள். செலின் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"எல்லாரும் இன்னொரு கிண்ணம் கேக்கறாங்க. என்ன அண்ணே போட்டீங்க?"

"சும்மா கைப்பக்குவம்தான், செஃப்."

"தெரேஸ் டீச்சரும் வந்துட்டாங்க. அவங்களுக்கு ஒரு கிண்ணம் ஊத்துங்க."

தணிகாசலம் கரண்டியைக் கீழே வைத்தார். தெரேஸ் டீச்சருக்கு இறால் ஆகாது. போன வருஷம் வேறெங்கோ தெரியாமல் தின்று, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தவர். சனிக்கிழமைதான் வருவார். இன்று வியாழன்.

"டீச்சருக்கு வேற ஏதாவது குடுங்களேன், செஃப்."

"இந்த ஊர்ல அவங்க நம்பிச் சாப்பிடற இடமே இதுதான். ஊத்துங்க."

ஊற்றினார். தட்டிவிட்டுக் கை தவறியது என்று சொல்லலாமா? பானையில் இன்னும் இருக்கிறதே. உண்மையைச் சொன்னால் அடுப்பு போச்சு. அவர் யோசித்து முடிப்பதற்குள் செலின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். டீச்சர் கரண்டியை எடுத்தார். ஊதினார்.

"டீச்சர், கீழ வைங்க!"

கத்திக்கொண்டே ஓடினார். நாற்காலி ஒன்று உருண்டது. டீச்சர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"சென்னாக்கூனி போட்டிருக்கு. நான்தான் போட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. கைக்குட்டையால் வாயைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு சொட்டும் உள்ளே போயிருக்கவில்லை.

செலின் மேசை மேசையாகப் போய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். உள்ளே வந்து பானையைக் கவிழ்த்தாள். கரண்டி, கிண்ணம் எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தணிகாசலம் ஏப்ரனை அவிழ்த்தார்.

"நான் கிளம்பறேன், செஃப்."

செலின் புதுப் பானையில் கடற்பாசித் தண்ணீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"டீச்சர் இன்னும் சாப்பிடல."

"அய்யோ, நீங்களே செய்ங்க. இனிமே என் கையால யாரு சாப்பிடுவா?"

"போட்டதைப் போட்டேன்னு சொல்ற ஆளோட கை எதுன்னு இப்ப டீச்சருக்குத் தெரியும். உங்களையே வைக்கச் சொன்னாங்க. அடுப்பைப் பத்த வைங்க, அண்ணே."