பூவிழி விழுந்த அன்னிக்கு நித்திலா

ஒரு ஊர்ல ஒரு பனிமலை. கனடாவுல, வருஷத்துல பாதி நாள் வெள்ளையாவே கிடக்குற ஊர். அங்க ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ பூவிழி, சின்னவ நித்திலா. ஆளுங்களை மலை மேல ஏத்திக்கிட்டுப் போற கம்பி நாற்காலிக்கு அவங்க அப்பாதான் மெக்கானிக். அதனால ரெண்டும் இஷ்டத்துக்கு ஏறும், இறங்கும். ம்?

கால்ல நீட்டுப் பலகை மாட்டிக்கிட்டுச் சறுக்குறது. வழுவழுன்னு இருக்குற சரிவுல இல்ல. இட்லியைக் கவுத்து அடுக்கின மாதிரி மலை பூரா மேடு மேடா இருக்கும். அதுல முட்டியை மடக்கி நீட்டி, டக்டக்டக்டக்குன்னு வரணும். நடுவுல ரெண்டு இடத்துல ஆகாசத்துல எகிறி ஒரு சுத்து சுத்தணும்.

அக்கா கழிச்ச பூட்ஸ்ல ரெண்டு ஜோடி சாக்ஸைத் திணிச்சுக்கிட்டு, அக்கா போன தடத்துலயே நித்திலா வருவா. "ஏன்டி ஒட்டிக்கிட்டே வர்ற?"ன்னு பூவிழி கத்துவா. ஆனா பாதி மலையில நின்னு, வர்றாளான்னு திரும்பிப் பார்ப்பா. அதெல்லாம் என்ன நாளு! சாயங்காலம் மூக்கு செவந்து வந்து, ஒரே டம்ளர் சுக்குக் காப்பிக்கு ரெண்டும் அடிச்சுக்கும். ஹீட்டர் மேல ஈரக் கையுறை நாலும் காயும், வீடே கம்பளி வாசம் அடிக்கும். ம், முழிச்சிருக்கியா?

அப்புறம் நித்திலாவும் அக்கா போற போட்டிக்கே பேர் குடுத்தா. முதல் வருஷம், மூணாவது மேட்டுலயே தொப்! ரெண்டாவது வருஷம், பலகை ஒண்ணு கழண்டு சர்ர்ருன்னு தனியா கீழ போயிடுச்சு. பாவம், நடந்தே இறங்கினா. கார்ல ஒரே அழுகை. பூவிழி ஒரு ஆரஞ்சை உரிச்சுப் பாதியை அவ மடியில வச்சா.

மூணாவது வருஷம். முதல் மூணு பேருக்கு மாகாண அணியில இடம். பூவிழிக்கு அடுத்து நித்திலா. பூவிழி கிளம்பினா, டக்டக்டக்டக்... முதல் எகிறல் அழகு. ரெண்டாவது எகிறல்... டமார்! எந்திரிக்கவே இல்ல.

அடிபட்டவங்களைத் தூக்குற சிவப்புச் சட்டைக்காரங்க படுக்கையோட ஓடி, அவளைக் கீழ முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போனாங்க. மேல நித்திலா பலகையைக் கழட்ட ஆரம்பிச்சா. "எனக்குப் போட்டி வேணாம். அக்காகிட்ட போறேன்."

அப்போ, கிளம்பச் சொல்லிக் கொடி காட்டுறவர் கையில வாக்கி-டாக்கி கர்ர்ர்ங்குது. "கீழருந்து உங்க அக்காதாம்மா, பேசு"ன்னு நீட்டினார்.

"நித்தி, முட்டிதான். செத்துப்போகல. நடந்து வந்தேன்னா, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன். சறுக்கிக்கிட்டு வா."

"அக்கா, பயமா இருக்கு."

"எனக்குந்தான். என் தடத்துல வராத, ஐஸா கிடக்கு. இடது பக்கமா வா. நீ வர்ற வரைக்கும் என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்த விட மாட்டேன்."

முன்னாடி யாரு தடமும் இல்லாத பனி. நித்திலா மூச்சை இழுத்துக்கிட்டா. டக்டக்டக்... எகிறினா, ஒரு சுத்து, இறங்கினா! டக்டக்டக்டக்... மறுபடி எகிறினா, கை ஆடுச்சு, கால் ஆடுச்சு, விழல! முடிவுக் கோட்டைத் தாண்டி நேரா அக்கா படுக்கைகிட்டதான் போய் நின்னா. ம்?

ஆம்புலன்ஸ்ல பூட்ஸைக்கூடக் கழட்டாம அக்கா கையைப் பிடிச்சு உக்காந்திருந்தா. அப்பா போன்ல சொன்னார், நித்திலா நாலாவது. ஒரே ஒரு இடத்துல அணி போச்சு. நித்திலா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டா.

பூவிழிக்கு வலியில கண்ணு ஓரமா தண்ணி வழியுது. அப்படியே சிரிச்சா. "நாலாவதா? அடிப்பாவி, போன வருஷம் நானே அஞ்சாவதுதான்டி!"

ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் ரெண்டும் அழுதுக்கிட்டே சிரிச்சுதுங்க.

அவ்ளோதான், கதை மலை இறங்கிடுச்சு. நீயும் போர்வைக்குள்ள இறங்கு, தூங்கு.