பிந்தி வரும் ஆமென்

"இனிமே நான் கோயிலுக்கு வரலம்மா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மாசிலாமணி இதைச் சொன்னது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பஞ்சாலையில் பாதி ஆயுளை ஓட்டியவர். மெஷின் சத்தம் அவர் காதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இந்தக் குரலைக் கொடுத்து அனுப்பியிருந்தது.

சபையின் போதகர் மேபல் தன் வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் மாசிலாமணியைவிட ரொம்பச் சின்னவர். ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, அவருக்குக் கேட்கும்படி உரக்கவே கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி?"

"பிரசங்கம் கேக்கல. பாட்டு கேக்கல. காதுக்கு மெஷின் வச்சும் பாத்தாச்சு. ஃபேன் சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது."

"அப்போ ஃபேன ஆஃப் பண்ணச் சொல்லிருவோம்."

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"ஜெபம் எப்ப முடியுதுன்னே எனக்குத் தெரியல. எல்லாரும் தலை நிமிர்றதப் பாத்துத்தான் ஆமென் சொல்லுதேன். அதுக்குள்ள அவங்க சொல்லி முடிச்சிருதாங்க. நம்ம சத்தம் தனியா விழுது. பிள்ளைங்க திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிக்குதுங்க."

"ஓஹோ. ஜெபத்துல கண்ணத் தெறந்துக்கிட்டுத்தான் நிக்கீங்களா?"

"வேற என்ன செய்ய?"

"கவலப்படாதீங்க. பாதிப் பேரு அப்படித்தான் நிக்காங்க."

மாசிலாமணிக்கு இது விளையாட்டாக இல்லை. மனைவி இறந்த பிறகு அவர் நாலு மனித முகங்களைப் பார்ப்பதே அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான். அதையும் விடுவதென்றால் வலிக்காதா? வலித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அதைவிட அதிகமாக வலித்தது.

"வந்து எனக்கும் ஒண்ணும் கெடைக்கல. என்னால யாருக்கும் ஒரு ஆசீர்வாதமும் இல்ல. வீட்டுலயே வேதத்த வாசிச்சுக்கிட்டு இருந்துட்டுப் போறேன்."

மேபல் ஒரு கொத்துக் கீரையை உதறினார்.

"இன்னும் ஒரே ஒரு ஞாயிறு வாங்க. முன்னால வேண்டாம். கடைசி பெஞ்சுல, துரைசிங் பக்கத்துல உக்காருங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போனது.

"என்னப் பின்னால கொண்டு போய் ஒளிச்சு வைக்கீங்களாக்கும்?"

போதகர் கீரையில் பூச்சி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரைசிங்கை மாசிலாமணிக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை. மகன் பைக் விபத்தில் போனதிலிருந்து அந்த மனுஷன் கோயிலுக்கு வருவார், உட்காருவார், எழுந்து போவார். பாட்டுப் புத்தகத்தைத் தொடுவதுகூட இல்லை. காது போனவனையும் வாய் போனவனையும் சேர்த்து ஓரங்கட்டப் பார்க்கிறாள் இந்த அம்மா என்று மாசிலாமணிக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆனாலும் போனார். கடைசி ஞாயிறு, போய்விட்டுத்தான் வருவோமே என்று போனார்.

துரைசிங் தலையை அசைத்தார். இவரும் அசைத்தார். அவ்வளவுதான் பேச்சு.

இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாசிலாமணி முடிவு செய்திருந்தார்.

ஜெபம் நடந்தது. போதகரின் உதடுகள் அசைவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நோயாளிகளுக்காக இருக்கும், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக இருக்கும், மழைக்காக இருக்கும். வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன.

மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வரப் பார்த்தது.

பக்கத்தில் துரைசிங் இன்னும் தலை நிமிரவில்லை.

முன்னால், போதகர் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். எந்தப் பாட்டு என்று சொல்லவே இல்லை. அவர் கண் கடைசி பெஞ்சில் இருந்தது.

ஒரு முழங்கை மாசிலாமணியை இடித்தது.

துரைசிங் அவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார். முன்வரிசை வரைக்கும் தலைகள் திரும்பின.

"என்ன அண்ணாச்சி, இன்னும் சொல்லலயே?"

"எத?"

"ஆமென்."

"அதெல்லாம் பிந்திப் போச்சுப்பா. எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு."

"பிந்தித்தான் வேணும். எல்லாரோடயும் சேந்து சொல்ல எனக்கு வாய் வரல. எம்மவன் போனதுலருந்து நான் உங்ககூடத்தான் சொல்லிக்கிட்டு வாரேன். சொல்லுங்க."