ஏட்டையாவின் வயிறு

ஆற்றங்கரை மடத்துப் பந்தியில் எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். வீரபாகு மட்டும் துப்புத் துலக்க உட்காருவார். முப்பது வருஷம் போலீஸ் ஏட்டாக இருந்து, ஓய்வுக்குப் பின் சீடராக வந்தவர். தலையை மழித்துக்கொண்டார், சந்தேகத்தை அப்படியே வைத்துக்கொண்டார்.

அவருக்கு வயிற்று உபாதை. ஒரு வாரம் சாதுவாகக் கிடக்கும். திடீரென்று முறுக்கிப் பிடிக்கும். கக்கூசுக்கும் பாய்க்குமாக நடந்தே மனிதர் ஓய்ந்துபோவார். அப்புறம் மூன்று நாளைக்கு வயிறு உப்பிக்கொண்டு ஒன்றும் போகாது. ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் விட்டும் பார்த்தார்கள்.

"குடல்ல புண்ணும் இல்ல, கட்டியும் இல்ல. ஆனா வலி நிஜம். இது எரிச்சல் குடல். அப்பப்ப வரும், போகும்" என்றார் டாக்டர்.

குற்றவாளியே இல்லாமல் ஒரு குற்றமா? ஏட்டையாவுக்கு அது ஒப்பவில்லை.

முதலில் பாலைப் பிடித்தார். பிறகு கோதுமை, வெங்காயம், பயறு. ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்து, கடைசியில் கஞ்சியும் உப்பும்தான் மிஞ்சின. அதை மட்டும் குடித்தும் ஒரு நாள் முறுக்கியது. அன்றைக்கு அவர் பார்வை மடைப்பள்ளிப் பக்கம் திரும்பியது.

சமையல்காரர் இசக்கிமுத்து வாய் திறந்து பேசாதவர். பேசாத ஆளை எந்தப் போலீஸ்காரர் நம்பினார்? ஜன்னலோரம் நின்று அவர் கையையே பார்த்தார் ஏட்டையா. கை ஒரு தப்பும் செய்யவில்லை. சந்தேகம் இன்னும் கூடியது.

குரு அங்கயற்கண்ணியிடம் போனார். குரு அவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, கஞ்சியில அவன் என்னமோ சேக்கான்."

"பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா என் வயிறு சாட்சி. அவன் இருந்தா நான் இருக்க மாட்டேன்."

"மடத்து வழக்கம் தெரியுமில்லையா, ஏட்டையா? யார் மேல புகாரோ, அவங்க வேலைய ஏழு நாள் நீங்க பாக்கணும். அதுக்கப்புறமும் புகார் நின்னா, இசக்கிமுத்து ஊருக்குப் போயிரட்டும்."

இசக்கிமுத்துவுக்கு ஊரில் யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏட்டையா கரண்டி பிடித்தார். அரிசியைத் தானே களைந்தார். தண்ணீரைத் தானே இறைத்தார். மடைப்பள்ளி வாசலில் ஒரு ஈயைக்கூட அண்ட விடவில்லை. நாலு நாள் வயிறு வாயே திறக்கவில்லை. அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

ஐந்தாம் நாள் காலையில் பிடித்தது பாருங்கள், அப்படி ஒரு முறுக்கல். கக்கூஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எதிரே இசக்கிமுத்து, கையில் ஒரு செம்போடு நின்றார்.

"என்னவே போட்டீரு இதுல?"

"ஒண்ணும் போடல, ஏட்டையா. நீங்க அடுப்புல வச்சிருந்த வெந்நிதான்."

வாங்கினார். முகர்ந்தார். குடிக்காமல் வாழை மரத்தடியில் ஊற்றினார். இசக்கிமுத்து அதைப் பார்த்துவிட்டு, காலிச் செம்பை வாங்கிக்கொண்டு போனார்.

சரி, வயிறு பிடித்ததை இவன் ஊரெல்லாம் சொல்லப் போகிறான் என்று நினைத்தார் ஏட்டையா. சொன்னால் மறுக்க வேண்டியதுதான். சாட்சி கிடையாது.

ஏழாம் நாள் எல்லோரும் கூடினார்கள்.

"வயிறு எப்படி, ஏட்டையா?" என்றார் குரு.

வீரபாகு இசக்கிமுத்துவைப் பார்த்தார். இப்போது சொல்வான், இதோ சொல்வான். இசக்கிமுத்து தரையைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் அவருடைய துணிப்பை, கட்டித் தயாராக இருந்தது.

வெட்கம் ஏட்டையாவைப் பிடுங்கித் தின்றது. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு சாட்சியை அவர் பார்த்ததில்லை.

"அஞ்சாம் நாள் வந்துச்சும்மா" என்றார். "நானே பொங்கி, நானே குடிச்ச கஞ்சி. புகார் நிக்காது. அவரை இருக்கச் சொல்லுங்க."

இசக்கிமுத்து பையை எடுத்துக்கொண்டு மடைப்பள்ளிக்குள் போனார். கூட்டம் கலைந்தது. ஏட்டையா மட்டும் நகரவில்லை.

"அப்போ யாரைத்தாம்மா பிடிக்க? பாலும் பயறும் கொஞ்சம் கூட்டாளிங்கதான். ஆனா முழுக் குத்தமும் அதுங்க இல்ல. வயித்தை என்ன செய்ய?"

"சாட்சி பத்தாத ஆளை ஸ்டேஷன்ல என்ன செய்வீங்க?"

"கோர்ட்டுல ஜாமீன் குடுத்துருவாங்க. அப்பப்ப வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவான்."

"வர்றப்பல்லாம் அடிப்பீங்களா?"

"சே, எதுக்கு? பெஞ்சுல உக்காரச் சொல்லி, கையெழுத்த வாங்கிக்கிட்டு, போயிட்டு வாடேன்னு அனுப்பிருவோம். நாங்க எங்க வேலையப் பாப்போம்."

"வலியும் இனி அப்பப்ப வரும், ஏட்டையா" என்றார் குரு. "பெஞ்சைக் காட்டுங்க."