அரைஞாண் பதக்கம்

"எல்லாரும் ஊருக்குப் போயிட்டாவ அம்மா. எனக்குத்தான் போறதுக்கு ஒரு ஊர் இல்ல."

தீபாவளிக்கு முந்தின நாள். மடத்தில் மிஞ்சியது இரண்டே பேர்.

குறைப்பட்டுக்கொண்டவர் குத்தாலிங்கம், சீடர். அடுப்படியில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் வடிவம்மை, குரு. சீடருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு இன்னும் கறுப்பு முடிதான் அதிகம். ஆனாலும் சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். மடத்தில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

"ஊர் வேணும்னா தேட வேண்டியதுதான அண்ணாச்சி?"

"தேடாமலா இருக்கேன்?"

இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை அவிழ்த்து நீட்டினார். அதில் ஒரு வெள்ளிப் பதக்கம் கோத்திருந்தது. கைக்குழந்தையாக ஒரு சத்திரத்து வாசலில் அவர் கிடந்தபோது, உடம்பில் இருந்தது அந்தக் கயிறும் அந்தப் பதக்கமும்தான். கயிறு எத்தனையோ முறை மாறிவிட்டது.

வடிவம்மை மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வழுவழுவென்று இருந்தது. ஒரு பக்கம் மட்டும், மேலே, வளைந்த ஒரு கோடு.

"இது என்னது?"

"கிரீடம்." குத்தாலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது. "நகைக்கடையில கேட்டேன். ராசா பட்டாபிஷேகத்துக்கு அடிச்சதா இருக்கும்னாவ. பெரிய ஜமீனுக்குத்தான் குடுப்பாவளாம்."

நகைக்கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போயிருப்பார். இந்த மனுஷர் அந்த ஒரு "இருக்கும்"-ஐ வைத்துக்கொண்டு ஆயுளையே ஓட்டிவிட்டார். பெண் கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நாளைக்கு ஜமீன் வீட்டார் தேடி வந்தால் என்ன நினைப்பார்கள்? பந்தியில்கூட மற்றவர்களோடு ஒட்டாமல் ஓரமாகத்தான் உட்காருவார். யாரும் தேடி வரவில்லை. பாவம், அதைச் சொல்லி அழவும் அவருக்கு ஆள் இல்லை.

"எழுத்தெல்லாம் எங்க போச்சு?"

"அப்பவே பாதி தேஞ்சுதான் இருந்துது. மிச்சத்த நான்தான்..." குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோட போட்டு, புளியும் சாம்பலும் வச்சுத் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்கத் தெளியும்னு நெனச்சேன்."

வடிவம்மை சிரிக்கவில்லை.

"எங்க அப்பா வெள்ளி வேலை செஞ்சவரு. தேஞ்ச வெள்ளியப் பழுக்கக் காஞ்ச இரும்புல வச்சா, அழிஞ்ச எழுத்து கொஞ்ச நேரம் தெரியும்பாரு. இருட்டுல பாக்கணும். மொத தடவதான் நல்லாத் தெரியும். பொறவு மங்கிப் போவும். பாப்பமா?"

குத்தாலிங்கம் பதக்கத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி?"

"கிரீடம் இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்ல."

"இத்தன வருசமும் அதுகூடத்தான் அம்மா இருந்திருக்கேன். எனக்குன்னு வேற ஆள் கெடையாது."

வடிவம்மை பதக்கத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மாவுக்குத் திரும்பினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் யார் வீட்டுப் பிள்ளைகளோ நனைந்த வெடியைக் கொளுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அம்மா உள்ளே வரச் சொல்லிக் கத்துவது கேட்டது. அந்தக் குரல் அடங்கும்வரை குத்தாலிங்கம் வாசலைப் பார்த்தபடி நின்றார்.

பிறகு அவரே போய் இரும்புத் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார்.

கல் சிவந்ததும் வடிவம்மை விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். அடுப்படி இருண்டது. பதக்கத்தை இடுக்கியால் பிடித்துக் கல்லின் மேல் வைத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்த வளைந்த கோடு மினுங்கியது. அதற்குக் கீழே இரண்டு காது தெரிந்தது. அகலமான மூக்கும் தெரிந்தது.

"திருப்பிப் போடுங்க அம்மா."

திருப்பினார். குத்தாலிங்கம் முகம் சுடும் அளவுக்குக் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கால்நடைச் சந்தை... வெள்ளி விழா... மொதப் பரிசு... கறவை எருமை."

"ஆள் பேரு?"

"இல்ல."

"ஊர்?"

"ஊர்ப் பேர் மேலதான் கயிறு கோக்க ஓட்ட போட்டிருக்காவ."

எழுத்து மங்கியது. வடிவம்மை எழுந்து கதவைத் திறந்தார்.

குத்தாலிங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பு கேட்கச் சகிக்கவில்லை.

"எருமைக் கொம்பு அம்மா! அத கிரீடம்னு சொல்லிக்கிட்டு ஊரெல்லாம் திரிஞ்சிருக்கேன். ஒரு பொண்ணக்கூடக் கட்டாம..." கல்லின் மேல் கிடந்த பதக்கத்தைக் காட்டினார். "வேண்டாத பிள்ளைய எறியும்போது வேண்டாத பதக்கத்தையும் சேத்து எறிஞ்சிருக்காவ. அவ்வளவுதான்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். வடிவம்மை தடுக்கவில்லை. அழுகை ஓயும்வரை காத்திருந்து, இடுக்கியால் பதக்கத்தை எடுத்து, தரையில் அவர் பக்கமாக வைத்தார்.

"எருமைப் பால் வித்துப் பொழச்ச வீடு அண்ணாச்சி."

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்த வீட்டுல இத விட்டா வேற வெள்ளி இருந்திருக்குமா?"