உங்களுக்குன்னே செஞ்சது

"டீச்சரம்மா, ஒரு மாசமா நான் இனிப்பையே தொடலை. ஆனா மூணு கிலோ ஏறியிருக்கேன். இது என்ன நியாயம்?"

தீபாவளிக்கு முந்தின நாள் காலை. கேட்டவர் ஆவுடையப்பன். ஐம்பத்தாறு வயது. மிக்சி, கிரைண்டர் பழுது பார்ப்பவர்.

டீச்சரம்மா என்பது நாச்சியார். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். குளத்தங்கரை வாகை மரத்தடியில் தினமும் காலையில் ஆசனமும் மூச்சுப்பயிற்சியும் சொல்லித் தருபவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி கேள்வியாகத்தான் இருக்கும்.

"இனிப்பையே தொடலையா?"

"சீனி போட்ட எதையும் தொடலை."

"சீனி போடாதது?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

தீபாவளி நெருங்கினால் அந்த ஊரில் ஒரு கிரைண்டரும் சும்மா இருக்காது. ஓயாமல் ஓடினால் ஏதாவது ஒன்று போகத்தானே செய்யும்? ஆவுடையப்பன் ஒரு நாளைக்கு ஆறு வீடு ஏறி இறங்குவார். ஏறின வீட்டிலெல்லாம் ஒரு தட்டு வரும். இந்த வருஷம் அவர் விவரமாக நடந்துகொள்வதாக நினைத்து, போன இடமெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

"டாக்டர் சீனி கூடாதுன்னுட்டாரு. கார்த்திகைக்குள்ள எடையைக் குறைச்சாகணும்."

ஊர் நல்ல ஊர். காதில் வாங்கிக்கொண்டது. ஒருவர் கருப்பட்டி போட்டுக் கம்பு லட்டு பிடித்தார். இன்னொருவர் கேழ்வரகில் அதிரசம் சுட்டார். பேரீச்சம்பழ அல்வா கிண்டியவர்கள் மூன்று பேர். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"உங்களுக்குன்னே செஞ்சது அண்ணாச்சி."

தனக்கென்றே செய்ததை எப்படி வேண்டாம் என்பது? மற்ற வருஷங்களில் ஊரோடு சேர்ந்து ஒரு தட்டு சாப்பிட்டார். இந்த வருஷம் அவருக்கென்று தனித் தட்டு. நெய்யை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும்தான்.

ஆவுடையப்பன் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "கார்த்திகைக்கு என்ன?" என்றார் நாச்சியார்.

ஊருக்கு மேற்கே ஒரு மலை. எழுநூறு படி. கார்த்திகை தீபத்துக்கு ஆவுடையப்பனும் அவர் மனைவி உலகம்மாளும் கல்யாணமான வருஷத்திலிருந்து சேர்ந்தே ஏறுவார்கள். போன வருஷம் முந்நூறாவது படியில் ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது. முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ட்டு வா" என்றார்.

உலகம்மாள் தனியாகப் போனாள். இறங்கி வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"இந்த வருஷமும் அவ ஒத்தையில ஏறிரக் கூடாது டீச்சரம்மா. அவ்வளவுதான்."

நாச்சியார் தன் பாயைச் சுருட்டினார்.

"நாளைக்கு எந்த வீட்டுக்குப் போறீங்க?"

"ரெண்டு வீட்டுல கட்டாயம் வரணும்னு சொல்லியிருக்காங்க."

"நானும் வாரேன்."

மறுநாள் எண்ணெய்க் குளியல் முடிந்து, ஊரெல்லாம் வெடிச் சத்தம் கொஞ்சம் அடங்கின நேரம். இருவரும் முதலில் போனது வளையல்கடைக்காரர் வீடு. அவர் மனைவி சண்முகவடிவு கம்பு லட்டோடு வந்தார்.

"வேண்டாம் மதினி. வயிறு ஃபுல்லா இருக்கு."

"உங்களுக்குன்னே செஞ்சது. ஒண்ணே ஒண்ணு."

"நேத்தே ரெண்டு சாப்பிட்டேன்."

"அது நேத்து."

ஆவுடையப்பன் நின்றபடியே ஒன்றை வாயில் போட்டார். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் கிளம்பலாம் என்று இன்னொன்று. தட்டு நகரவில்லை. மூன்றாவதை மென்றுகொண்டே செருப்பை மாட்டினார். நாலாவது காகிதத்தில் பொதிந்து சட்டைப்பைக்குள் வந்தது.

அப்படியும் சண்முகவடிவுக்கு முகம் தெளியவில்லை. "நல்லா இல்லை போல" என்று தனக்குள் முனகிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்து தபால்காரர் வீடு. அவர் மனைவி மாரித்தங்கம் இரண்டு தட்டு கொண்டுவந்தார். ஆவுடையப்பனுக்குக் கேழ்வரகு அதிரசம். நாச்சியாருக்கு எல்லாருக்கும் செய்த அதிரசம்.

நாச்சியார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒன்றை எடுத்தார். ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சுக்கு போட்டிருக்கீங்களா?"

மாரித்தங்கம் தட்டைக் கீழே வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களே! எங்க வீட்டுல ஒருத்தரும் சொல்லலை."

"பாகு எப்படி இவ்வளவு பதமா வந்துச்சு?"

அவ்வளவுதான். மாரித்தங்கமும் கீழே உட்கார்ந்துவிட்டார். முதல் பாகு முறுகிப் போனது, இரண்டாவது பாகு இளகிப் போனது, மாமியார் பார்த்த பார்வை, மூன்றாவது தடவை ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, உருண்டதும் அழுகையே வந்துவிட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. நாச்சியார் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு அதிரசத்தை அரைமணி நேரம் சாப்பிட்டார்.

ஆவுடையப்பன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததில் தன் தட்டை மறந்தே போனார்.

இருவரும் எழுந்ததும் மாரித்தங்கம் வாசல்வரை வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சே வரவில்லை.

தெருவில் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"உங்களை ஏன் அவங்க வற்புறுத்தலை?" என்றார் ஆவுடையப்பன்.

"முதல் வீட்டு லட்டுல ஏலக்காய் இருந்துச்சா?"

ஆவுடையப்பன் யோசித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"தெரியலையே."

"மூணு சாப்பிட்டீங்க."

"ஆமா."

இன்னும் கொஞ்சம் நடந்தார்கள்.

"ஒரு வீட்டுலயாவது உங்களால உறுதியா வேண்டாம்னு சொல்ல முடிஞ்சுதா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது.

"ஏன் இல்லை? ஒரு வீட்டுல ஒரே தடவைதான் சொன்னேன். எனக்கு எதுவும் வைக்காதேன்னு. அதுக்குப் பெறகு இந்த ஒரு மாசமா அவங்க கேக்கவே இல்லை."

"யார் வீடு?"

"எங்க வீடுதான்."

நாச்சியார் தன் தெருப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் நடுத்தெருவில் நின்றார். யாரோ விட்ட சங்குச் சக்கரம் காலருகே சுற்றி ஓய்ந்தது. அவர் கவனிக்கவில்லை.

வீட்டில் உலகம்மாள் பாசிப்பயறு மாவில் செய்த முந்திரிக்கொத்தைத் தட்டுகளில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அக்கம்பக்கத்துக்கு.

"எனக்கு ஒண்ணு குடு, உலகு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வேண்டாம்னீங்க."

"சொன்னேன். புத்தி இல்லாம சொன்னேன்."

ஒன்றைக் கையில் வைத்தாள். ஆவுடையப்பன் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்தார். கடித்தார். மெல்ல மென்றார்.

"பயறை எதுல அரைச்சே?"

"இதென்ன புதுசா கேக்கீங்க?"

"ஒரு வாசம் வருது. வருஷாவருஷம் வருது. என்னன்னு கேட்டதே இல்லை."

உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திரிகையில."

"திரிகையிலயா? மிக்சிக்காரன் வீட்டுலயா?"

"மிக்சியில போட்டா மாவு சூடேறிரும். வாசம் போயிரும். நீங்க வேலைக்குப் போன பெறகு பின்கட்டுல வச்சு அரைப்பேன். உங்க காதுல விழுந்தா வருத்தப்படுவீங்கல்லா."

ஆவுடையப்பன் சிரித்த சிரிப்பில் புரையேறியது. உலகம்மாள் தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் கையில் இன்னும் பாதி இருந்தது. இத்தனை நாளில் இப்படி ஒரு நல்ல பண்டம் சாப்பிட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

அவளே பேசினாள்.

"போன வருஷம் மேல ஏறிட்டேனே ஒழிய, தீபத்தை நான் பாக்கலைங்க."

"மறைச்சிட்டாங்களா? கூட்டமா?"

"கூட்டமெல்லாம் இல்லை. கீழ நீங்க உக்காந்திருக்கது தெரியுதான்னு பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள ஏத்தி முடிச்சிட்டாங்க."

ஆவுடையப்பன் மிச்சப் பாதியைத் தின்று முடித்தார். எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நீயும் வா. குளத்தை ரெண்டு சுத்து சுத்திட்டு வருவோம்."

"நல்ல நாளும் அதுவுமாவா?"

"இன்னைக்கேதான்."