அமிழ்த்திய தோணி

கப்பல் கட்டிப் பேர் வாங்கிய ஆற்றங்கரை ஊர் அது. இப்போது அங்கே கப்பல் கட்டுவதில்லை. கட்டிய இடத்தைக் காட்டுகிறார்கள். கயிறு முறுக்கிய நீளக் கொட்டகை, ஆள் உயர நங்கூரம், கரையேற்றி வைத்த பழைய பாய்மரத் தோணி. நங்கூரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை.

தோணிக்குப் பொறுப்பு பரஞ்சோதி. ஆற்றோரம் மடம் வைத்திருந்த அம்மைக்கு அவர் சீடர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். கவலை அதைவிட அதிகம்.

அந்த வருஷத் திருவிழாவுக்குத் தோணியை ஆற்றில் இறக்கி, வருகிறவர்களின் பிள்ளைகளை அக்கரைவரை ஏற்றிப்போய் வருவது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. சுக்கான் பிடிப்பதும் பரஞ்சோதிதான். தோணியோ பல வருஷம் வெயிலில் காய்ந்தது. உள்ளே நின்றால் பலகை இடுக்கெல்லாம் வெளிச்சம் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் தாரைக் காய்ச்சி எல்லாவற்றையும் அடைத்தார். அப்படியும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, பயம் உள்ளே வராம இருக்க என்ன வழி?"

அம்மை எழுந்து தோணியைப் பார்க்கப் போனார். பூசிய தாரையெல்லாம் சுரண்டி எடுக்கச் சொன்னார். ஊறுகிற பலகைக்கு இடம் வேண்டும் என்றார். பிறகு ஆட்களைக் கூட்டி, தோணியைக் கரையோரத் தண்ணீரில் தள்ளி, கல்லேற்றி அமிழ்த்தச் சொன்னார்.

பரஞ்சோதி குறுக்கே வந்து நின்றார். "பிள்ளைங்க ஏறப்போற தோணிம்மா."

"அதனாலதான்."

இடுக்கு வழியாகக் குபுகுபுவென்று தண்ணீர் ஏறியது. விளிம்புவரை தோணி மூழ்கிவிட்டது. இந்த ஊரில் கப்பலை இப்படித்தான் விடுவார்களா என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். பரஞ்சோதி சிரிக்கிற நிலையில் இல்லை. விடிந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பலகையைத் தடவுவதும், ஊரார் கண்ணில் படாமல் வீடு திரும்புவதுமாக இருந்தார். திருவிழா நெருங்க நெருங்க அவர் பாதி ஆளாகிவிட்டார்.

முந்தின நாள், கல்லை எடுத்துத் தண்ணீரை இறைக்கச் சொன்னார் அம்மை. இறைக்க இறைக்கத் தோணி எழும்பி மிதந்தது. பரஞ்சோதி உள்ளே மண்டியிட்டுப் பார்த்தார். பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. இடுக்கில் நகம் நுழையவில்லை. சாயங்காலம்வரை காத்திருந்தும் ஒரு சொட்டுகூடப் புதிதாக வரவில்லை.

மறுநாள் பிள்ளைகள் கூச்சலோடு ஏறி உட்கார்ந்தார்கள். பெற்றவர்கள் கரையில் நின்று கையசைத்தார்கள். பரஞ்சோதி சுக்கானைப் பிடித்தார். வழியனுப்ப வந்த அம்மையிடம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"ஒழுக்கு நின்னுடுச்சும்மா. பயம் போகலையே."

அம்மை தோணியின் பக்கப் பலகைமேல் கை வைத்தார்.

"தண்ணி மட்டும் போயிடுச்சா என்ன? பலகைக்குள்ள நின்னு ஒழுக்கை அடைச்சுக்கிட்டுதான் இருக்கு, ஐயா."