நகம் பட்ட எலுமிச்சை

மரமும் மைனாவும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எலுமிச்சம்பழத்தின் தோல் கத்தரிக்காய்த் தோல்போல வழவழவென்று இருந்தது. இனிப்பும் வாசனையும் உள்ளே சுளையில்தான். அறுத்தால் ஒருமுறை கமகமக்கும், அதோடு சரி.

கொல்லிமலையில் சிலம்பாயி என்றொருத்தி. கீழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், முழுகாமல் இருந்தாள். மூன்று மாதமாகக் குடித்த கஞ்சி குடித்த வேகத்தில் வெளியே வந்தது. இப்படியே போனால் பிள்ளை நிலைக்குமா என்ற பயம் அவளை அரித்தது.

அவள் வீட்டு எலுமிச்சை அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. முதல் காய்ப்பு மலைச்சாமிக்குப் போக வேண்டும். அதுவரை பழத்தில் கத்தி படக்கூடாது, நகம்கூடப் படக்கூடாது. பட்டால் மரத்தை வெட்டுவார்கள். தொட்டவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது ஊர்க்கட்டு.

"கொஞ்சம் வாசனை கிடைச்சா இந்தக் குமட்டல் அடங்கும்" என்று மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள் சிலம்பாயி.

"கீறி மோந்து பாரு தாயி" என்றது மரம். "என் பழம், நான் சொல்றேன்."

ஒரு பழத்தில் நகத்தை ஆழமாகப் பதித்தாள். வாசனை குப்பென்று ஏறியது, குமட்டல் அடங்கியது. அன்று வயிறு நிறையத் தினைக்கஞ்சி குடித்தாள். ஒரு சொட்டும் திரும்பி வரவில்லை. சந்தோஷத்தில் மறுபடியும் அழுதாள்.

கூரையில் இருந்த மைனாவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டது. மறுநாள் காலை பூசாரி வேடப்பன் அரிவாளோடு வந்து நின்றார்.

"நகம் பட்ட பழம் எது? காட்டு. மரத்தை வெட்டிட்டு உன்னைக் கீழே அனுப்புறேன்."

அந்தச் செங்குத்துப் பாதையில் இறங்கினால் பிள்ளை தங்காது. சிலம்பாயி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வடுவை மறைக்க எனக்குத் தெரியாது தாயி" என்று மரம் அவள் காதில் சொன்னது. "ஊருப்பட்ட வடு வாங்கிக்கத் தெரியும்."

மூச்சைப் பிடித்துச் சுளையிலிருந்த வாசனையை எல்லாம் தோலுக்கு ஏற்றியது. எல்லாப் பழத்திலும் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தது, குழிக்கு ஒரு துளி எண்ணெய். பட்ட பாட்டில் இனிப்பெல்லாம் வற்றி, உள்ளே வெறும் புளிப்புதான் மிஞ்சியது.

வேடப்பன் ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது நகக்குறி, எது தோல்குழி என்று பிடிபடவில்லை. சந்தேகம் தீர ஒரு பழத்தைத் தானே சுரண்டினார். எண்ணெய் மூக்கில் தெறித்தது. கோபத்தில் கனத்திருந்த தலை லேசானது. இன்னொரு தடவை சுரண்டி மோந்தார்.

"பூசாரி நகம் பட்டிருச்சு! பூசாரி நகம்!" என்று மைனா கத்தியது.

வேடப்பன் அரிவாளை இடுப்பில் செருகினார். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஐப்பசியில் சிலம்பாயிக்குப் பெண் பிறந்தது.

அன்று முதல்தான் எலுமிச்சைக்குத் தோலில் குழியும், குழியில் எண்ணெயும், சுளையில் புளிப்பும். இன்றைக்கும் மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, குமட்டலெடுத்த பெண்கள் பையிலிருந்து ஒரு எலுமிச்சையை எடுத்து நகத்தால் கீறி மோந்துகொள்கிறார்கள். அரிவாளோடு யாரும் வருவதில்லை.